சிரிப்பைத் தாண்டிய சந்திரசேகர்

கோலா தெர்லாவில் வார இறுதி நாள்களில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு இயற்பியல் வகுப்பு எடுத்து வருகிறேன். என் பெற்றோர் கேமரன் மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். லயத்தில் பிறந்து வளர்ந்த நான், இன்று அதே மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. ஆனால், இந்தக் கட்டுரையை நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் ஈர்ப்பு விசைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் கையைத் தூக்கினான். ஒளிக்கு நிறையே கிடையாது என்கிறார்களே, அப்படியானால் ஈர்ப்பு விசை ஒளியை எப்படி வளைக்கும் என்று கேட்டான். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஒரு படத்தில் விண்மீன் மண்டலங்கள் வில்லைப் போல வளைந்து தெரிந்ததைப் பார்த்தானாம்.

நல்ல கேள்வி. ஆனால், எனக்குப் பாடத்தை முடிக்கும் அவசரம். இதெல்லாம் எஸ்.பி.எம். தேர்வில் வராது, போன சோதனையில் கோட்டைவிட்ட மதிப்பெண்ணை முதலில் பிடிக்கப் பார் என்று சொல்லிச் சிரித்தேன். நான் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. அதன் பிறகும் அவன் வகுப்புக்கு வருகிறான், கணக்குகளைச் சரியாகப் போடுகிறான். கையை மட்டும் தூக்குவதில்லை.

அன்றிலிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருபவர் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் வாழ்க்கையிலும் ஒரு சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்புக்குக் காரணமாக இருந்தவர், ஒளி வளைகிறது என்பதை உலகுக்கு அளந்து காட்டிய மனிதர். மாணவர்களே, அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். என் மாணவனின் கேள்விக்கான பதிலும் அதற்குள் இருக்கிறது.

தாய் காட்டிய வழி

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம்தான். தந்தை சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரி என்பதால் வேலை மாற்றத்தோடு ஊரும் மாறியது. பிறகு குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண் மக்களில் மூத்தவர். 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் அவருடைய சித்தப்பா.

தாய் சீதாலட்சுமி அதிகம் பள்ளி சென்றவர் அல்லர். ஆனாலும் தாமாகவே ஆங்கிலம் கற்று, நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி அரசாங்க அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ கணிதத்திலும் இயற்பியலிலும்தான் மனம். எது பிடிக்கிறதோ அதையே படி என்று துணை நின்றவர் தாய். இன்று நம் வீடுகளில் பாடத்துறையைத் தேர்வு செய்யும்போது நடக்கும் வாக்குவாதம் அன்றைய மயிலாப்பூரிலும் நடந்திருக்கிறது.

1919: ஒளியை அளந்த கிரகணம்

சந்திரசேகருக்கு எட்டு வயது நடந்தபோது, 1919 மே 29 அன்று ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ரால் நகரிலும் இங்கிலாந்து வானியலாளர்கள் தொலைநோக்கிகளோடு காத்திருந்தனர். பிரின்சிப்பே குழுவை வழிநடத்தியவர் ஆர்தர் எடிங்டன்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு சரியா என்று சோதிப்பதே நோக்கம். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 வில் விநாடி அளவு வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் வருவதே ஒரு வில் விநாடி. நம் 20 சென் நாணயத்தை இரண்டரை கிலோமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, 1.75 வில் விநாடி ஏறக்குறைய அவ்வளவுதான். சூரிய வெளிச்சத்தில் அருகே உள்ள நட்சத்திரங்கள் தெரியாது. அதனால்தான் நிலவு சூரியனை மறைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகக் கடல் கடந்து போனார்கள். அளவுகள் ஐன்ஸ்டைன் பக்கம் நின்றன. எடிங்டன் உலகப் புகழ் பெற்றார்.

இனி என் மாணவனின் கேள்விக்கு வருவோம். நிறையில்லாத ஒளி ஏன் வளைய வேண்டும்?

தாப்பாவில் இருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியும் அந்த வளைவில் திரும்பித்தான் ஆக வேண்டும், மோட்டார் சைக்கிளும் திரும்பித்தான் ஆக வேண்டும். லாரி கனமானது என்பதால் அதற்கு ஒரு சாலை, மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு சாலை என்று கிடையாது. மலை இருப்பதால் சாலை வளைகிறது. சாலை வளைவதால் வண்டி வளைகிறது. ஐன்ஸ்டைன் சொன்னதும் இதைப் போன்றதுதான். சூரியனைப் போன்ற கனமான பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைத்துவிடுகிறது. அதன் வழியே போகிற எதுவும், நிறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வளைவைப் பின்பற்றியே போகும். ஒளிக்கும் விலக்கு இல்லை.

இந்தச் சோதனை நம் வட்டாரத்திற்கும் வந்தது. 1929 மே 9 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை வட சுமத்திராவையும் நம் கெடா மாநிலத்தையும் கடந்து சென்றது. சுமத்திராவின் தாக்கெங்கோன் என்ற மலையூரில் முகாமிட்ட ஜெர்மானியக் குழு ஒளியின் வளைவை அளந்தது. அவர்களுக்குக் கிடைத்தது 2.24 வில் விநாடி. ஐன்ஸ்டைன் சொன்னதைவிட இது அதிகம் என்பதால் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. அந்த அளவுக்கு நுட்பமான, எளிதில் தவறக்கூடிய அளவீடு அது.

கப்பலில் பிறந்த கணக்கு

அதே 1929-இல், சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகரின் முதல் பெரிய ஆய்வுக் கட்டுரை இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதற்குப் பின்னால் ஒரு சந்திப்பு இருக்கிறது.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர், துணிந்து விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது, கடந்த சில ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது என்று சாமர்ஃபெல்டு சொல்லிவிட்டார். இளைஞருக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனால், சாமர்ஃபெல்டு அதோடு விட்டுவிடவில்லை. அப்போது அச்சில் இருந்த தம் புதிய கட்டுரையின் படியைக் கையில் கொடுத்தார். அதைப் படித்துப் புதிய புள்ளியியலைத் தாமே கற்று, சில மாதங்களில் சொந்தக் கட்டுரையை எழுதிவிட்டார் சந்திரசேகர். உனக்குத் தெரியாது என்று சொல்பவர் அடுத்த படியைக் காட்டிவிட்டுச் சொன்னால், அது அவமானமாக இருப்பதில்லை என்பதை இந்த இடத்தில் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அந்த நேரத்தில் தாய் கடுமையாக நோயுற்றிருந்தார். போனால் திரும்ப அம்மாவைப் பார்க்க முடியுமா என்று மகன் தயங்கினார். போய்த்தான் ஆக வேண்டும் என்று சொன்னவர் அந்தத் தாயே. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதம் தாய் காலமானார். மகன் அவரை மீண்டும் பார்க்கவே இல்லை.

கப்பல் பயணம் ஏறக்குறைய மூன்று வாரம். பத்தொன்பது வயது இளைஞர் மேல்தளத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் ஈர்ப்பு விசையால் தானே சுருங்குகிறது. சூரியனின் நிறை பூமி அளவுக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் இருக்கும். இப்படிப்பட்ட நட்சத்திரத்திற்கு வெண்குள்ளன் என்று பெயர். அதற்கு மேல் சுருங்காமல் அதைத் தாங்குவது எலெக்ட்ரான்களின் அழுத்தம். எலெக்ட்ரான்களை நெருக்க நெருக்க அவை வேகமெடுத்து எதிர்த்துத் தள்ளும். இதை இங்கிலாந்தின் ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் விளக்கியிருந்தார். எல்லா நட்சத்திரங்களும் கடைசியில் இப்படி அமைதியாக அடங்கிவிடும் என்று அனைவரும் நம்பினர்.

சந்திரசேகர் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டார். எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிட்டால் என்ன ஆகும்? ஒளியின் வேகத்தை எதுவும் தாண்ட முடியாது. ஆகவே, ஒரு கட்டத்திற்கு மேல் நட்சத்திரத்தின் நிறை கூடினாலும் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஈர்ப்பு விசை வென்றுவிடும். கணக்கில் ஒரு வரம்பு தெரிந்தது. இன்று அதன் மதிப்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்குச் சந்திரசேகர் வரம்பு என்று பெயர். அதைவிடக் கனமான வெண்குள்ளன் நிலைத்திருக்க முடியாது, சரிந்துகொண்டே போகும்.

1935: அந்தச் சிரிப்பு

கேம்பிரிட்ஜில் 1933-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணித மேதை இராமானுஜனுக்குப் பிறகு அந்தத் தகுதியைப் பெற்ற இந்தியர் அவர்தான்.

அப்போது எடிங்டனும் அதே கல்லூரியில்தான் இருந்தார். வானியலில் அவர் சொல்லே முடிந்த சொல். சந்திரசேகரின் கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று அவரே அடிக்கடி அறைக்கு வந்து விசாரிப்பார். பெரியவர் இவ்வளவு அக்கறை காட்டுகிறாரே என்று இளைஞர் மகிழ்ந்தார்.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவுகளை முழுமையாக வெளியிட இருந்தார். தமக்கு அடுத்ததாக, அதே பொருளைப் பற்றி எடிங்டன் பேசப் போகிறார் என்பதே முந்தைய நாள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

சந்திரசேகர் பேசி முடித்தார். எடிங்டன் எழுந்தார். இந்தக் கணக்கின்படி போனால் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்கு அதன் ஈர்ப்பு விசை வளர்ந்துவிடும் என்பதை அவர் தெளிவாகவே புரிந்துகொண்டிருந்தார். கருந்துளை என்ற பெயர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் வாசல்வரை போய்விட்டார். ஆனால், உள்ளே நுழையவில்லை. நட்சத்திரம் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே தீர வேண்டும் என்று கேலியாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. கூட்டம் முடிந்ததும் பலர் வந்து அனுதாபம் தெரிவித்தனர். அவர் தோற்றுவிட்டதாகவே அவர்கள் நினைத்தார்கள்.

ஒளியின் சிறு வளைவை அளந்து காட்டியவர் எடிங்டன். அதே வளைவு முற்றினால் ஒளி திரும்பியே வர முடியாது என்ற முடிவை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அறிவு போதாதவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். பிடிக்காத முடிவை எதிர்த்து அவர் கையில் கணக்கு இல்லை, கேலி மட்டுமே இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் வகுப்பறைதான் ஞாபகம் வரும்.

நீல்ஸ் போர், பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகரின் கணக்கில் தவறு இல்லை என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். எடிங்டனுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசத்தான் ஆள் இல்லை. மாணவர்களே, ஒரு நண்பனைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்போது, அவன் சொல்வது சரி என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களும் அந்தச் சிரிப்பில் பங்காளிகள்தான்.

மூடிய புத்தகம், புதிய பக்கம்

1936-இல் சந்திரசேகர் ஊர் திரும்பி, மாநிலக் கல்லூரியில் தம்முடன் இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். 1937-இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, அவர் பல்கலைக்கழக வளாகத்தில் வகுப்பெடுப்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் அவருக்கு இடம் கொடுத்தார். கடைசி வரை அதே பல்கலைக்கழகத்தில்தான் சந்திரசேகர் பணியாற்றினார்.

எடிங்டனோடு காலமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. தம் கணக்குகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி, நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி 1939-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு அந்தத் துறையை மூடி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். ஒரு துறையில் பல ஆண்டுகள் ஆழ்ந்து உழைப்பது, அதை ஒரு நூலாக எழுதி முடிப்பது, பிறகு புதிய துறையில் மாணவனைப் போல முதலில் இருந்து தொடங்குவது என்பது அவர் வாழ்நாள் பழக்கமாகிவிட்டது.

அப்படிப் போன அடுத்த துறைதான் நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம். 1943-இல் அவர் கண்டுபிடித்த ஒரு விளைவுக்கு இயங்கு உராய்வு என்று பெயர். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் பிரபலமான ஒருவர் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடந்து போன இடத்தில் கூட்டம் பின்னால் சேர்ந்துகொண்டு சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அவருடைய நடை மெதுவாகிவிடும். விண்வெளியிலும் அப்படித்தான். கனமான ஒரு பொருள் சிறிய பொருள்களின் நடுவே போகும்போது, அவற்றைத் தன் பின்னால் திரட்டுகிறது. பின்னால் திரண்ட அந்தக் கூட்டம் தன் ஈர்ப்பால் அதைப் பின்னோக்கி இழுக்கிறது.

பூமி, சூரியன் எல்லாம் அடங்கியது நம் பால்வீதி என்ற விண்மீன் மண்டலம். இதுபோன்ற நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மண்டலங்கள் ஈர்ப்பால் ஒன்றுகூடிக் கொத்தாக இருக்கின்றன. அதற்கு விண்மீன் மண்டலக் கொத்து என்று பெயர். கொத்துக்குள் பெரிய மண்டலங்கள் வேகம் குறைந்து, மெல்ல மெல்ல நடுவை நோக்கி இறங்குவதை விளக்க இன்றும் சந்திரசேகரின் அந்தச் சூத்திரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

ஆசிரியராகவும் அவர் சளைக்கவில்லை. 1940-களில் எர்க்ஸில் இருந்து சிகாகோவுக்கு நெடுந்தொலைவு கார் ஓட்டிச் சென்று ஒரு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பில் பதிவு செய்திருந்த சீன மாணவர்களான லீ, யாங் இருவரும் 1957-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். பிள்ளைகள் குறைவு என்று வகுப்பை ரத்து செய்யத் தோன்றும் நாள்களில் நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. வானியற்பியலின் முதன்மையான ஆய்விதழுக்கு 1952 முதல் 1971 வரை அவரே ஆசிரியர்.

இயற்கையே வைத்த கண்ணாடி

இந்தக் காலத்தில் மண்டலக் கொத்துகள் பற்றி இன்னொரு விஞ்ஞானியும் சிந்தித்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றியவர். கோமா என்ற கொத்தில் உள்ள மண்டலங்களின் வேகத்தை அவர் 1933-இல் ஆராய்ந்தார். அவை ஓடும் வேகத்திற்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்திருந்தால் கொத்து என்றோ சிதறிப் போயிருக்கும். எனவே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் அங்கே நிறைய இருக்க வேண்டும் என்றார். இன்று அதைக் கரும்பொருள் என்கிறோம்.

1937-இல் அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு சூரியன் ஒளியை இம்மி அளவு வளைக்கிறது என்றால், கோடானுகோடி சூரியன்கள் அடங்கிய மண்டலங்கள் எவ்வளவு வளைக்கும்? பின்னால் உள்ள மண்டலத்தின் ஒளியைப் பெரிதாக்கி, வளைத்துக் காட்டும் பூதக்கண்ணாடிபோல் அவை செயல்படும் என்றார்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அடிப்பாகம் தடிமனான கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்து, அதன் அடிவழியாகத் தூரத்தில் உள்ள விளக்கைப் பாருங்கள். குவளையை மெல்ல நகர்த்தினால் விளக்கு நீளும், வில்லாக வளையும், சில நேரம் இரண்டாகத் தெரியும். விளக்குக்கு எதுவும் ஆகவில்லை. ஒளி வந்த வழிதான் வளைந்தது. என் மாணவன் பார்த்த படத்தில் இருந்த வளைவுகளும் இப்படி வந்தவைதான்.

ஸ்விக்கியின் எண்ணம் மெய்ப்பட நெடுங்காலம் ஆனது. ஒரே பொருள் ஈர்ப்பினால் இரண்டாகத் தெரியும் காட்சி முதன்முதலில் 1979-இல் கிடைத்தது. ஏபெல் 370 என்ற மண்டலக் கொத்தில் தெரிந்த நீண்ட ஒளி வில் 1980-களின் பிற்பகுதியில் விளக்கம் பெற்றது. வளைவு அதிகமாக இருந்தால் அங்கே நிறை அதிகம். ஆகவே, ஒளியின் வளைவை வைத்தே கண்ணுக்குத் தெரியாத பொருளை எடைபோட முடியும். தராசு இல்லாமல் கொத்தையே நிறுக்கும் வழி இது.

காலம் சொன்ன தீர்ப்பு

சந்திரசேகரின் வரம்பு என்ன ஆனது? வெண்குள்ளனைவிடப் பல மடங்கு நெருக்கமான நியூட்ரான் நட்சத்திரங்கள் 1967-இல் கண்டறியப்பட்டன. 1970-களில் கருந்துளைக்கான சான்றுகள் சேரத் தொடங்கின. எடிங்டன் எதிர்பார்த்த தடுப்பு விதி எங்கும் இல்லை.

சந்திரசேகரும் அறுபது வயதைத் தாண்டிய பிறகு, விட்டு வந்த இடத்திற்கே திரும்பினார். ஒளி வெளியேற முடியாத அந்தக் கருந்துளைகளின் கணிதத்தில் மூழ்கினார். 1983-இல் அதைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று, அவருடைய 73-ஆவது பிறந்த நாளில், இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் வில்லியம் ஃபௌலரோடு அதைப் பகிர்ந்துகொண்டார். இலண்டன் அரங்கம் சிரித்து 48 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த 48 ஆண்டுகளைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருந்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் தம் சிறந்த கண்டுபிடிப்பை மூடி வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. எல்லாருக்கும் சந்திரசேகரின் மன உறுதி இருக்காது. ஒரு சிரிப்போடு கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த நூலிலும் எழுதப்படுவதில்லை.

ஆனாலும், சந்திரசேகர் எடிங்டனைப் பழிக்கவில்லை. கருத்து மோதலுக்குப் பிறகும் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1944-இல் எடிங்டன் காலமானபோது சிகாகோவில் அவரைப் புகழ்ந்து அஞ்சலி உரையாற்றினார். 1982-இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டி கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றி, தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் அவரே என்று மதிப்பிட்டார். அவருடைய தவற்றையும் மறைக்காமல் சொன்னார். ஒருவரை மதிப்பதும் அவர் தவற்றைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

பெயர் தாங்கிய தொலைநோக்கி

1995 ஆகஸ்டு 21 அன்று சந்திரசேகர் சிகாகோவில் காலமானார். நியூட்டனின் நூலுக்கு அவர் எழுதிய விளக்க நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

சில ஆண்டுகளில் நாசா ஒரு புதிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பத் தயாரானது. பெயர் வைக்க உலக அளவில் போட்டி நடத்தியது. ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்தன. நண்பர்கள் அவரை அழைத்த பெயரான சந்திரா என்பதே தேர்வானது. அந்தப் பெயரைப் பரிந்துரைத்து வென்ற இருவரில் ஒருவர் ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவர், மற்றவர் ஓர் ஆசிரியர். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலம் அதை ஏற்றிச் சென்றது. எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடும் என்பதால், அந்தக் கண் விண்வெளியில்தான் இருந்தாக வேண்டும்.

அந்தச் சந்திரா தொலைநோக்கி, புல்லட் என்று அழைக்கப்படும் ஒரு மண்டலக் கொத்தைப் பார்த்தது. உண்மையில் அது ஒன்றோடு ஒன்று மோதிக் கடந்துபோன இரண்டு கொத்துகள். கொத்துகளில் உள்ள நட்சத்திரங்களைவிட அவற்றின் இடையே பரவியுள்ள வெப்ப வாயுவுக்குத்தான் நிறை அதிகம். மோதலில் வாயு வாயுவோடு முட்டி வேகம் குறைந்து நடுவிலேயே தங்கிவிட்டது. மண்டலங்களோ ஒன்றை ஒன்று இடிக்காமல் கடந்து போயின. வாயு எங்கே என்பதைச் சந்திரா எக்ஸ் கதிரில் படம் பிடித்துக் காட்டியது. நிறை எங்கே என்பதை வேறு தொலைநோக்கிகள் ஒளியின் வளைவை வைத்துக் கண்டுபிடித்தன.

கண்ணுக்குத் தெரிந்ததுதான் எல்லாம் என்றால், வாயு தங்கிய இடத்தில்தான் ஒளி அதிகமாக வளைய வேண்டும். ஆனால், வாயுவை விட்டு விலகி, மண்டலங்கள் போன பக்கத்தில்தான் ஒளி அதிகமாக வளைந்திருந்தது. வாயுவைப்போல் முட்டி நிற்காமல், மண்டலங்களோடு சேர்ந்து கடந்து போன கண்ணுக்குத் தெரியாத பொருள் அங்கே இருக்கிறது. கரும்பொருளுக்கு இதுவரை கிடைத்த மிக வலுவான சான்றுகளில் இது ஒன்று. இந்த முடிவை நாசா அறிவித்த நாள் 2006 ஆகஸ்டு 21. சந்திரசேகர் மறைந்து சரியாகப் பதினோரு ஆண்டுகள். தற்செயல்தான். ஆனாலும், அந்தத் தேதியைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கடைசி வரிசைக்கு ஒரு பதில்

போன வாரம் வகுப்பு தொடங்கும் முன், அந்த மாணவனின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். அன்று நான் சிரித்தது தவறு என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவமானம் எங்கே நடந்ததோ அங்கேதான் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. பிறகு தாப்பா சாலையை வரைந்தேன், கண்ணாடிக் குவளையைக் கொடுத்து ஜன்னல் வழியே தெரிந்த பூந்தோட்டக் கூடார விளக்குகளைப் பார்க்கச் சொன்னேன், சந்திரசேகரின் கதையைச் சொன்னேன். அன்று பாடத்தில் இரண்டு பக்கம் பின்தங்கினோம்.

அந்த மாணவன் குவளையை நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதுவும் பேசவில்லை. ஒரு மன்னிப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என் மேசையருகே வந்து நின்றான். அப்படியென்றால் அந்தக் கரும்பொருள் எதனால் ஆனது என்று மெதுவாகக் கேட்டான்.

எனக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் இன்னும் தெரியாது. அதையே அவனிடம் சொன்னேன். சாமர்ஃபெல்டு கட்டுரையைக் கொடுத்ததைப்போல் கொடுக்க என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. வானியல் நூல் ஒன்றை இரவல் கொடுத்து அனுப்பினேன்.

மாணவர்களே, உங்கள் கேள்விக்கு யாராவது சிரித்தால், கேள்வியைக் கீழே போட்டுவிடாதீர்கள். குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள், கணக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக இருந்தால் எழுத்தில் பதிவு செய்யுங்கள். சந்திரசேகர் செய்தது அதைத்தான். நாளை நீங்கள் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ பெற்றோராகவோ உயர்ந்த பிறகு, கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தால், எடிங்டனை நினைத்துக்கொள்ளுங்கள். என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.